முணுமுணுப்பு என்று ஒரு பாட்டு

லிஃப்ட்காரருக்கு கிட்டார் பைத்தியம் பிடித்தது, தலை பாதி நரைத்த பிறகு. மீசை முளைக்கிற வயதில் பிடித்திருந்தால் 'பையன்கள் அப்படித்தான்' என்று விட்டிருப்பார்கள். மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு வந்த மனுஷனுக்கு, கண்ணாடி போடாமல் திருகாணியின் தலை தெரியாத வயதில் பிடித்தால் சும்மா இருப்பார்களா? கூட வேலை செய்கிறவர்கள் வாய் வலிக்கக் கிண்டல் செய்தார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. உச்சி மாடிக்கும் மேலே மோட்டார் இருக்கும் அறையில் நின்று, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்பார். கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு" என்பார், இல்லை "பிரேக் உரசுது" என்பார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். காதை வைத்துச் சாப்பிடுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்படி ஒரு நாள் ஒரு கட்டடத்தில் உதிரிப் பாகத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது, கீழே இருந்த இசைக்கருவிக் கடையில் யாரோ எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்து ஒரே ஒரு கம்பியை இழுத்து விட்டார்கள். அது கத்தலும் இல்லை, அழுகையும் இல்லை. ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நடுங்கி நின்றது. கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிட்டார். உதிரிப் பாகத்தைக் கொண்டுவந்தவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தோளைத் தொட வேண்டியிருந்தது.

அந்தக் கடையின் மாடியில் கிட்டார் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார், லிஃப்ட்காரரின் மகளைவிட நாலைந்து வயது பெரியவன். முடியை உச்சியில் முடிந்து வைத்திருப்பான். எல்லாருக்கும் அவன் கொண்டைதான். அவனும் அப்படித்தான் சொல்லிக்கொள்வான்.

"என்ன கத்துக்கணும் சார்? பாடிக்கிட்டே வாசிக்கிற மாதிரியா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி. அந்த அழுவுற கம்பி இருக்கே, அது."

கொண்டை சிரித்தான். "லீடு கிட்டார்னு சொல்லுங்க. அது சுலபத்துல வராது சார். விரல் புண்ணாகும்."

விரல் புண்ணாவதைப் பற்றி லிஃப்ட்காரரிடம் சொல்கிறான் பாருங்கள். கிரீஸும் கம்பிவடமும் பட்டுப் பட்டு அவர் விரல் நுனி எப்போதோ செருப்புத் தோலாகிவிட்டது. மற்ற மாணவர்கள் ஒரு மாதம் முக்கி முனகுகிற இடத்தை இவர் நோகாமல் தாண்டினார். விரல் தாண்டிவிட்டதே தவிர, மற்றது தாண்டவில்லை.

லிஃப்ட்காரர் வீட்டில் கிட்டார் வருவதற்கு முன்பே ஒரு சங்கீதம் இருந்தது. தையல் மெஷின். அவருடைய மனைவி அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக் கொடுப்பாள். புதுத்துணி தைப்பதைவிட, இடுப்பு பிடிப்பது, கை நீளம் குறைப்பது, பெருத்துப் போனவர்களுக்குப் பிரித்து விடுவது, இதுதான் அதிகம். மெஷின் கூடத்து ஜன்னலோரம் இருந்தது. பக்கத்தில் துணி வெட்டும் மேசை. காலை வெயில் நேராக ஊசி முனையில் விழும். நூல் கோப்பதற்குக் கண்ணைச் சுருக்க வேண்டியதே இல்லை.

கிட்டார் வந்தது. அதன் பின்னாலேயே அதைக் கத்த வைக்கிற பெட்டி வந்தது. அதற்கு மின்சாரம் எடுக்கக் கூடத்தில்தான் சரியான பிளக் பாயிண்ட். பெட்டியை வைக்க ஜன்னலோரம்தான் இடம்.

"மெஷினை உள் ரூமுக்கு மாத்திக்கலாமா?" என்று கேட்டார்.

"மாத்திக்கலாமே. எனக்கு எங்க இருந்தா என்ன," என்றாள் அவள்.

உள் அறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு நூல் கோத்தாள். ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் போயின. சேர்ந்து நடக்கப் போகிற சாயங்காலம் போயிற்று. சத்தத்தைக் கரகரக்க வைக்கிற டிஸ்டார்ஷன் போடுவதற்கென்று காலால் மிதிக்கிற ஒரு சின்னப் பெட்டி வந்தபோது, "உங்களுக்கும் பெடல், எனக்கும் பெடல், பொருத்தம்தான்," என்று சிரித்தாள். அவ்வளவுதான். அவரும் சிரித்துவிட்டு வாசிக்கப் போய்விட்டார்.

கற்றுக்கொள்கிறவனுக்கு எப்போதும் அவசரம். கையும் காதும் ஒன்று சேர்வதற்குள் சொந்தமாகப் பாட்டுப் போட்டு உலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. முதல் பாட்டை அவரே எழுதி, அவரே பாடி, அவரே வாசித்தார். மகள் விடுதியிலிருந்தபடியே அதை இணையத்தில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு ஃபோன் செய்தாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்க வாசிங்கப்பா. பாடாதீங்க."

இரண்டாவதில் பாடவில்லை. அதையும் சொந்தக்காரர்கள் மட்டும் கடமைக்குக் கேட்டார்கள். கொண்டை உட்கார்ந்து முழுதாகக் கேட்டுவிட்டு, தாடையைச் சொறிந்தான்.

"தப்பு ஒண்ணும் இல்ல சார். ஆனா உங்க லிஃப்ட் மாதிரியே இருக்கு. மேல போறீங்க, கீழ வர்றீங்க. எந்த மாடியிலயும் கதவு தெறக்க மாட்டேங்குது."

இது லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்று குத்தியது. வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். கம்பியை அழுத்தி மேலே தள்ளுவதுதான் லீடு வாசிப்பின் உயிர். பெண்டிங் என்பார்கள். தள்ளத் தள்ளச் சுருதி ஏறும். எங்கே நிறுத்துவது என்பது காதுக்குத்தான் தெரிய வேண்டும். மோட்டாரின் நோயைக் கண்டுபிடிக்கிற காது, இங்கே வந்து ஊமையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் கிட்டாரைத் தொடப் பிடிக்காமல் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். உள் அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் வைத்த மெஷின். பெடலை மெல்ல மிதித்தால் தாழ்ந்த குரலில் முனகும். அழுத்த அழுத்தக் குரல் ஏறும். அதோடு சேர்ந்து இன்னொரு குரலும் ஏறியது.

மனைவி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வார்த்தை இல்லை, வாய் திறக்கவும் இல்லை. மெஷினின் குரலைப் பிடித்துக்கொண்டு மூக்காலேயே ஒரு ராகம். தையல் நீள நீள மோட்டார் ஏறும்; அவள் குரலும் அதைத் தொட்டுவிடலாம் என்று கூடவே ஏறும்; தொடப் போகிற நேரத்தில் தையல் முடிந்துவிடும். கால் எடுத்ததும் மோட்டார் பொத்தென்று விழும். அவள் குரல் மட்டும் தொடாத இடத்தில் ஒரு கணம் தனியாக நின்று, பிறகு இறங்கும். அடுத்த தையல். மறுபடி அதே. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ராகம் அது. மின்விசிறிச் சத்தத்தைக் கேட்கிற மாதிரிதான் அதுவரை கேட்டிருந்தார். அன்றுதான் காது திறந்தது.

எழுந்து கிட்டாரை எடுத்தார். பெட்டியைப் போடாமல் வெறும் கம்பியில் தேடினார். தள்ளினார். போதவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். அதிகம். சரியான சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே, அவள் நிற்கிற இடத்திலேயே கம்பியும் நின்றபோது அவருக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று.

அடுத்த வகுப்பில் வாசித்துக் காட்டினார். கொண்டை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"சார்! கதவு தெறந்துருச்சு சார்! அந்தச் சுருதிக்குப் போகாம அங்கயே நிக்கிறீங்க பாருங்க, அய்யோ! எங்கிருந்து புடிச்சீங்க இதை?"

இந்த இடத்தில் அந்த மனுஷன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'என் வீட்டுக்காரி முணுமுணுக்கிறது தம்பி' என்று சொன்னால் என்ன, தலையா போய்விடும்? ஆனால் அவன் கண் விரிந்திருந்தது. அவர் வாழ்நாளில் அவரைப் பார்த்து யாரும் அப்படிக் கண்ணை விரித்ததில்லை. லிஃப்ட் சரியானால் ஜனங்கள் உள்ளே ஏறிப் போய்விடுவார்கள்; யார் சரி செய்தது என்று பார்ப்பதில்லை. உச்சி குளிர்ந்துவிட்டது மனுஷனுக்கு.

"தானா வந்துச்சு தம்பி," என்றார்.

சொன்ன கையோடு நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுத்தது. அதை மென்று முழுங்கிவிட்டார்.

மூன்றாவது பாட்டைப் பதிவு செய்தது ஒரு விடுமுறை நாளில். கூடத்தில் பெட்டிக்கு முன்னால் மைக்கை நிறுத்தி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே அவளுக்கும் அவசர வேலை. மேல்வீட்டு நர்ஸ் அம்மாவின் சீருடை மறுநாளைக்கு வேண்டும். ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்துக் கேட்டுப் பார்த்தால், கிட்டாருக்கு அடியில் மெஷினோடு சேர்ந்த அவளுடைய முணுமுணுப்பும் கலந்து விழுந்திருக்கிறது. அதே ராகம், வேறு நேரத்தில். ஒன்றோடொன்று இடித்தது. மறுபடி வாசித்தார். மறுபடி இடித்தது. பொறுமை போய்விட்டது.

"ஏய்! கொஞ்ச நேரம் முணுமுணுக்காம இரேன்! எப்பப் பாத்தாலும் முணுமுணுன்னு! மனுசன் வேலை செய்ய வேணாமா?" என்று கத்தினார்.

மெஷின் நின்றது. உள்ளிருந்து அவள் ஏதோ கேட்டாள். ஹெட்ஃபோன் மாட்டியிருந்த காதில் விழவில்லை. கதவு மெல்லச் சாத்தப்பட்டது மட்டும் தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அடுத்த முறையிலேயே பாட்டு சுத்தமாக விழுந்துவிட்டது.

அவள் கேட்டது இதுதான்: "நான் என்னங்க முணுமுணுத்தேன்?"

முணுமுணுப்பது என்றால் நம் வாயில் இரண்டும்தானே. ராகத்தையும் முணுமுணுக்கலாம், குறையையும் முணுமுணுக்கலாம். தான் பாடுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. தூங்குகிறவனுக்குத் தன் குறட்டை தெரியாத மாதிரி. அதனால் அவள் காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது: எப்போது பார்த்தாலும் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறாய். ஜன்னலைக் கொடுத்து, வெளிச்சத்தைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து, வாயைத் திறக்காதவளிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்றிலிருந்து உதட்டை இறுக்கிக்கொண்டு தைத்தாள்; ராகமும் அதோடு நின்றுபோயிற்று. அவர் வாசிக்கிற நேரத்தில் மெஷினைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

மகள் பாட்டை ஏற்றுவதற்கு முன் கேட்டாள். "என்னப்பா, எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கு?"

"நல்ல பாட்டுன்னா அப்படித்தான் இருக்கும்."

"சரி, பேரு என்ன வைக்க?"

கொஞ்சம் யோசித்தார். உள்ளே குறுகுறுப்பு இருந்ததல்லவா, அதற்கு ஒரு வாய் சோறு போட்ட மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தார். "'முணுமுணுப்பு'ன்னு வை," என்றார். தெரிகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று ஒரு அசட்டுச் சமாதானம். தெரிய வேண்டியவளுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை. 'இசை' என்ற இடத்தில் அவர் பெயர்தான் ஏறியது.

பாட்டு பிடித்துக்கொண்டது. ஊரெல்லாம் பாடுகிற அளவுக்கு இல்லை. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் கேட்டார்கள், அடுத்தவர்களுக்கு அனுப்பினார்கள். 'அந்த நிக்கிற இடத்துல அழுகை வந்துடுச்சு' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'அந்த ஸ்வரம் எப்படி சார் கிடைச்சது?' என்று இன்னொருவர். தானாக வந்தது என்று ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். ஒவ்வொரு தடவை போடும்போதும் சாத்தியிருந்த உள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டார்.

சீருடையில் இன்னொன்றைப் பிரித்து விடக் கொண்டுவந்த மேல்வீட்டு நர்ஸ் அம்மாதான் செய்தியை உள்ளே கொண்டு போனாள். "அக்கா, அண்ணன் பாட்டு எங்க வார்டுல எல்லாரும் கேக்குறோம். 'முணுமுணுப்பு'. பேரே என்ன அழகா வெச்சிருக்காரு!"

அன்று அவர் வேலையிலிருந்து வந்தபோது தட்டு வைத்த சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்துவிட்டது.

"நான் முணுமுணுக்குறேன்னா என்கிட்ட சொன்னா போதாதா? ஊரைக் கூட்டிப் பாட்டா போடணுமா?"

அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அய்யோ, அது அந்த முணுமுணுப்பு இல்ல. ராகத்தை முணுமுணுக்கிறது. பாட்டு மாதிரி."

"யாரு முணுமுணுக்கிறது?"

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் மனக்காயம் ஆறும். ஆனால் கொண்டையின் விரிந்த கண்ணும், எழுதியவர்களின் அழுகையும், எல்லாம் அவரை விட்டுப் போய்விடும்.

"யாருமில்ல. சும்மா ஒரு பேரு," என்றார்.

அவள் நம்பவில்லை. நம்பாத முகத்தோடு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். செய்யாத குற்றத்துக்கு அவரை மனதில் திட்டிக்கொண்டிருக்கிறாள். செய்த குற்றம் அவளுக்குத் தெரியாது. இதைவிடக் கேவலமான நிலைமை உண்டா? மோட்டார் அறையில் நின்று கண்ணை மூடினால், மோட்டார் ஏறும்போதெல்லாம் அவள் குரல் கூடவே ஏறாத வெறுமைதான் கேட்டது. பழுது எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் ஒரு நாள் இரண்டு தடவை இறங்கி ஏறினார். பழுது லிஃப்டில் இல்லை என்று அவருக்கே தெரியும்.

இந்தச் சமயத்தில் கொண்டை தன் மாணவர்களை வைத்து ஒரு சாயங்கால நிகழ்ச்சி வைத்தான். அந்த இசைக்கருவிக் கடைக்குள்ளேயேதான், பியானோக்களை ஓரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கடைசியில் லிஃப்ட்காரர் 'முணுமுணுப்பு' வாசிக்க வேண்டும். அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தார். மகள் ஃபோனில் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பி வைத்தாள். முன் வரிசை ஓரத்தில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வாசித்தார். முதல் இழுப்பில் கம்பி ஏறியது. எதற்கோ தலையைத் திருப்பியவர் அவள் காலைப் பார்த்துவிட்டார்.

அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கம்பி ஏற ஏற, பாதம் மெல்ல மெல்ல அழுந்தியது. கம்பி தொடாத இடத்தில் நின்றதும் கால் எழும்பியது. அடுத்த இழுப்பில் மறுபடி. முகத்தில் ஒன்றும் இல்லை, அவளுக்கே தெரியவில்லை. உடம்பு தன் பொருளை அடையாளம் கண்டுகொண்டது, அவளிடம் சொல்லவில்லை. அவர் விரல் பழகிய பாட்டில் தானாக ஓடியது. அவர் கண் அந்தக் காலை விட்டு நகரவில்லை. கையும் களவுமாகப் பிடித்த போலீஸ் எதிரே உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதற்கே தான் போலீஸ் என்று தெரியவில்லை.

கைதட்டினார்கள். கொண்டை மைக்கை நீட்டினான். "சார், எல்லாருக்கும் சொல்லுங்க. இந்த மெட்டு எப்படி வந்துச்சு?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவளும் பதிலுக்காக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தானா வந்துச்சு," என்றார்.

இன்னொரு தடவை கைதட்டினார்கள்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். கிட்டார் பை முதுகில் பாறாங்கல்லாகக் கனத்தது. அவள் சாலையைப் பார்த்தபடி பேசினாள்.

"நல்லாத்தான் வாசிச்சீங்க. மத்த எல்லாரையும் விட நீங்கதான். அந்த இழுக்குற இடம் வந்தப்ப எனக்கு என்னமோ பண்ணிச்சு, ஏன்னு தெரியல. பேருதான் வேற ஏதாச்சும் வெச்சிருக்கலாம்."

திட்டியிருந்தால் தப்பித்திருப்பார். பாராட்டிவிட்டாளே. மனுஷன் உடைந்துவிட்டார்.

"அது உன்னோடது."

"எது?"

"அந்தப் பாட்டு. நீ மெஷின்ல உக்காந்தா ஒண்ணு முணுமுணுப்ப. மூக்காலயே. மோட்டாரு ஏறுறப்ப நீயும் ஏறுவ, தையல் முடிஞ்சதும் ஒரு எடத்துல நிப்ப. அதைத்தான் எடுத்தேன். ஒண்ணுவிடாம அப்படியே எடுத்தேன்."

அவள் முதலில் சிரித்தாள். "நானா? போங்க. எனக்குப் பாட்டெல்லாம் எங்க வரும்?"

"வரும். வந்துச்சு. கல்யாணமானதுலருந்து பாடிக்கிட்டுதான் இருந்த."

சிரிப்பு மெல்ல அடங்கியது. தையல் பிரிக்கிறவளுக்கு நூல் எங்கே தொடங்குகிறது என்று தேடத் தெரியும். ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனாள். நின்றாள்.

"அன்னிக்கு முணுமுணுக்காதேன்னு கத்துனீங்களே. அது இதுவா?"

அவர் தலையை ஆட்டினார்.

"என் பாட்டை எடுக்கறதுக்கு என் வாயையே மூடச் சொன்னீங்களா?"

பஸ் வந்தது. உள்ளே ஜோடி இருக்கைகள் நிறையக் காலியாகக் கிடந்தன. அவள் போய் ஓர் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

மறுநாளே மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, மெட்டு அம்மாவுடையது என்று மாற்றச் சொன்னார். "அப்பவே கேட்டேன்ல!" என்று கத்தினாள் அவள், அதற்கப்புறம் அவரோடு சில நாள் சரியாகப் பேசவில்லை. கொண்டையிடமும் போய்ச் சொன்னார். அவன் கண் விரியவில்லை. கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டு, "அக்காவை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க சார்," என்று மட்டும் சொன்னான். கத்துகிற பெட்டியை உள் அறைக்குத் தூக்கிப் போய்விட்டு, மெஷினையும் வெட்டும் மேசையையும் ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டார். "இப்ப எதுக்கு இதெல்லாம்," என்றாள் அவள். ஆனால் உட்கார்ந்து நூலைக் கோத்தபோது கண்ணைச் சுருக்கவில்லை.

எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று அவருக்கு ஒரு நினைப்பு. கொடுக்க முடியாத ஒன்று இருந்தது. மெஷின் ஓடும். மோட்டார் ஏறும். அவள் தொண்டையில் ஏதோ ஒன்று லேசாகத் தொடங்கும். தொடங்கியதும் அவளுக்குத் தெரிந்துவிடும். குரல் சட்டென்று நின்றுவிடும்; அவர் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். திருடியவர் அவர், பிடிபட்ட முகம் அவளுக்கு. தெரியாத வரைக்கும்தான் அது வந்துகொண்டிருந்தது. தெரிய வைத்துவிட்டாரே, இனி எங்கே வரும்? வேண்டுமென்றே ஒரு தடவை பாடிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. வெட்கப்பட்டு நிறுத்திவிட்டாள். அவர் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் யாருடைய கால்சட்டைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தடித்த துணி, ஊசி திணறியது. அவள் வாயிலிருந்து ஏதோ வந்தது. அவர் காதைத் தீட்டினார்.

ராகம் இல்லை. வார்த்தை.

"...அந்த இருட்டு ரூமுல உக்காந்து கண்ணு போனதுதான் மிச்சம்... இவருக்கு என்ன, கேட்டதும் நான் ஜன்னலைக் குடுத்துட்டேன்னு நெனப்பு... ஒரு வார்த்தை கேட்டாரா, உனக்கு வெளிச்சம் வருதான்னு..."

அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் வராத முணுமுணுப்பு. மெஷினைப் பார்த்து, துணியைப் பார்த்து, தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். மோட்டார் ஏற ஏறக் குறையும் ஏறியது. தையல் முடிகிற இடத்தில் ஒரு சொல், தொடாத உயரத்தில் நின்று, இறங்கியது. அதே இடம். மயிரிழை பிசகவில்லை.

அவர் விரல் தன்னை அறியாமல் கம்பிக்குப் போய்விட்டது. பக்கத்திலேயே ஃபோன் கிடந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும். எப்பேர்ப்பட்ட பாட்டு! எடுத்தும்விட்டார். கையில் எடுத்ததும்தான் கூசியது. எழுந்து போய் ஃபோனை மேசை டிராயருக்குள் போட்டுச் சாத்தினார். கிட்டாரைச் சுவரோரம் நிறுத்தினார். ஒரு நாற்காலியை இழுத்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அவள் காலை எடுத்தாள். "என்ன உத்துப் பாக்குறீங்க? முணுமுணுக்காதேன்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல. வெளிச்சத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தியே. மிச்சத்தையும் சொல்லு."

"நெறைய இருக்கு."

"இருக்கட்டும். சத்தமாவே சொல்லு."

அவள் துணியைத் திருப்பிப் போட்டு, பெடலை மிதித்து, சொல்ல ஆரம்பித்தாள். மோட்டார் ஏறியது. லிஃப்ட்காரர் இந்தத் தடவை ராகத்தைக் கேட்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டார்.